ஃபாது மெனோர்: மெட்டு வருகிறது, ஃபாது வரவில்லை. எங்கே தவறு?

தெருவிளக்கு (கேள்வி)

லிஸ்பனின் பழைய ஃபாதுவில் (போர்ச்சுகலின் நகர்ப்புறப் பாட்டு மரபு) 'ஃபாது மெனோர்' என்ற வகையைப் பாடிப் பழகுவது பற்றிய கேள்வி. பிரிந்து போனவரை ஆண்டுக்கணக்கில் மனசில் வைத்திருக்கும் நாலடிப் பாட்டுகள்தான் வேண்டும். கையில் இருப்பது சாதாரண நைலான் தந்தி கிதார், கர்நாடக இசை கற்ற குரல், செயலியில் படித்த அளவுக்குப் போர்ச்சுகீசியம். சிக்கிக்கொண்ட இடங்கள் இவை:

அ) 'ஃபாது மெனோர்' என்று பெயர் போட்ட பத்துப் பதிவைக் கேட்டால் பத்து மெட்டு. எது மூல மெட்டு? ஸ்வரப்படுத்திய தாள் கிடைக்குமா?

ஆ) அடிக்கு ஏழு அசை என்கிறார்கள். எண்ணினால் எட்டு, ஒன்பது வருகிறது. தாளத்துக்குள் அடங்கவில்லை.

இ) சுருதியும் தாளமும் சரியாக இருந்தும், பதிவுசெய்து கேட்டால் சோகமான கீரவாணி ராகம் மாதிரிதான் இருக்கிறது.

ஈ) அந்தப் பேரிக்காய் வடிவப் பன்னிரண்டு தந்தி வாத்தியம் இல்லாமல் முடியுமா?

500 வருடத்துக்கு முந்தைய மாலுமிப் பாட்டு என்பதால் பழைய பாணியிலேயே கற்றுக்கொள்ள ஆசை.

---

ஏழசை

முடிச்சு முதல் கேள்வியிலேயே இருக்கிறது. மூல மெட்டு என்று ஒன்று கிடையாது. அதைத் தேடுவதை விட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆக்கியவர் பெயர் தெரியாத அடிப்படை வகைகள் மூன்று: மெனோர், கொர்ரீது, மொராரீயா. மெனோர் மைனரில் வரும், மற்ற இரண்டும் மேஜரில். கொர்ரீது என்றால் ஓடுவது, பேருக்கேற்ற ஓட்டம். இவற்றில் மாறாமல் இருப்பவை தாளக்கட்டு, மாறி மாறி வரும் இரண்டே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு), வாத்தியம் திரும்பத் திரும்ப வாசிக்கும் ஒரு சின்னத் துணுக்கு. அவ்வளவுதான். மேலே ஓடும் மெட்டைப் பாடுகிறவர் தானே கட்டிக்கொள்கிறார், பாடும்போதே மாற்றவும் செய்கிறார். அதற்கு 'எஷ்திலார்' என்று பெயர். நீங்கள் கேட்ட பத்து மெட்டும் சரியான ஃபாது மெனோர்தான்.

இதற்கு அடுத்த அடுக்கில், ஆக்கியவர் தெரிந்த பழைய பாணி ஃபாதுகள் இருக்கின்றன. பாடகர் அல்ஃப்ரேது மர்ஸனெய்ரு (1891–1982) பெயரில் நிற்கும் ஃபாது க்ராவு ஓர் உதாரணம். (மர்ஸனெய்ரு என்றால் மரவேலைத் தச்சர், அவர் தொழிலே பெயராக ஒட்டிக்கொண்டது.) இந்த வகையில் மெட்டுக்கு ஓர் உருவம் உண்டு, ஆனால் வரி யாருடையதாகவும் இருக்கலாம். அடியும் அசையும் பொருந்தினால் எந்தக் கவிதையையும் அதில் ஏற்றலாம். இசைத்தட்டு உறையில் பாட்டின் தலைப்புக்குக் கீழே 'ஃபாது மெனோர்' என்று தனியாகப் போடுவது இதனால்தான். தலைப்பு கவிதையுடையது, கீழே இருப்பது இசையுடையது.

பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும் அடி இருந்தால் அது 'ஃபாது கன்ஸௌம்', அதாவது பாட்டு ஃபாது. அதில் வரியும் மெட்டும் ஒட்டிப் பிறந்தவை. புகழ்பெற்ற ஃபாதுப் பாடகி அமாலியா ரொத்ரீகிஷுக்காக இசையமைப்பாளர் அலான் உல்மான் போட்ட மெட்டுகளும் பழைய கட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன. கேட்க அருமையானவை. நீங்கள் கற்க நினைப்பதற்கு அவற்றிலிருந்து தொடங்கினால் திசை மாறிவிடும்.

அசைக் கணக்குக்கு வருவோம். நம் நேர், நிரை இங்கே உதவாது. ஓர் உயிரொலிக்கு ஓர் எண், அவ்வளவே. விதி இரண்டு. அடியில் கடைசியாக அழுத்தம் விழும் அசை வரைக்கும்தான் எண்ண வேண்டும், அதற்குப் பின்னால் இருப்பது கணக்கில் இல்லை. ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகக் கரையும். உங்களுக்கு ஒன்பது வருவது இந்த இரண்டாவதை விட்டதால்.

விளக்கத்துக்காக இங்கேயே கட்டிய நாலடி, எந்தப் பாட்டிலும் இருப்பதல்ல:

தெய் | ஷாஷ் | த்ய | போர் | தென் | குஷ் | தா | (த)
கோம் | அ | லூஷ் | பு | ர | ப | கார்
பா | ஸௌம் | அ | நுஷ் | நௌம் | ஃபொய் | நா | (த)
அ | யின் | த | த்யொய் | ஸு | வொல் | தார்

பொருள்: கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனாய், விளக்கையும் அணைக்கவில்லை. வருடங்கள் போகின்றன, அது ஒன்றுமில்லை. இன்னும் நீ திரும்பி வரும் சத்தம் கேட்கிறது.

முதல் அடியைத் தனித்தனிச் சொல்லாக வாசித்தால் 'தெய்ஷாஷ்தெ', 'அ', 'போர்த', 'என்குஷ்தாத'. எண்ணினால் பத்து. 'தெ'யும் 'அ'வும் சேர்ந்து 'த்ய' ஆனதும் ஒன்று போயிற்று. 'போர்த'வின் கடைசி அகரம் 'என்'னுக்குள் போனதும் இன்னொன்று. கடைசி 'த' அழுத்தத்துக்குப் பின்னால் இருப்பதால் கணக்கிலேயே இல்லை. மிச்சம் ஏழு. நாலாம் அடி வேறு மாதிரி: 'தார்' என்ற அழுத்தத்திலேயே முடிகிறது, பின்னால் ஒன்றும் இல்லை. முதலும் மூன்றும் வழுக்கி முடிய, இரண்டும் நான்கும் வெட்டி முடிகின்றன. இந்த வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், பாடும்போது தேவைப்படும்.

'சௌதாத்' (பிரிவேக்கம் போன்ற உணர்வு) என்ற சொல்லே இந்த நாலடியில் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஒருக்களித்த கதவே போதும். புதிதாகப் பாடுகிறவர்கள் அந்தச் சொல் நாலு இடத்தில் வரும் கவிதையாகத் தேடி எடுக்கிறார்கள். நல்ல ஃபாதுக் கவிதை பெரும்பாலும் ஒரு பொருளைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

---

தந்தி_12

வாத்தியப் பக்கம் நான் சொல்றேன்.

முதல்ல பேர்க்குழப்பம். போர்ச்சுகல்ல 'கித்தார்ரா'ன்னா அந்தப் பேரிக்காய் வடிவம். நம்ம சாதாரண கிதாரை அவங்க 'வியோலா'ம்பாங்க. வயலின் குடும்பத்து வியோலா இல்ல. ஆக உங்க கையில இருக்கறதே ஃபாதுவுக்கு வேண்டிய ரெண்டு வாத்தியத்துல ஒண்ணு. ஃபாது வியோலாவுல வழக்கமா உலோகத் தந்தி போடுவாங்க, நைலானும் ஓடும்.

ஏ மைனர்ல ஆரம்பிங்க. கார்ட் ரெண்டே ரெண்டு: ஏ மைனர், ஈ செவன். நாலு தட்டுத் தாளம். பயிற்சிக்கு ரெண்டு பார் (ஒரு பார்னா நாலு தட்டு) ஏ மைனர், ரெண்டு பார் ஈ செவன், திரும்பவும் அதே. கட்டைவிரல் ஒண்ணாவது தட்டுல பாஸ் (தாழ்ந்த ஸ்வரம்), மத்த விரல் ரெண்டாவதுல கார்ட், மூணாவதுல மாத்துப் பாஸ், நாலாவதுல கார்ட். ஏ மைனருக்கு பாஸ் அஞ்சாம் தந்தி திறந்தபடி, மாத்து நாலாம் தந்தி ரெண்டாம் கட்டம். ஈ செவனுக்கு ஆறாம் தந்தி திறந்தபடி, மாத்து அஞ்சாம் தந்தி ரெண்டாம் கட்டம். விரல் ஏற்கெனவே அங்கதான் இருக்கும், நகத்த வேண்டாம். மெட்ரோனோம் 66, அதாவது நிமிஷத்துக்கு 66 தட்டு.

இப்ப முக்கியமானது. முதல் அடியோட ஏழாவது அசை எங்க விழணும்? கார்ட் மாறற இடத்துல. ஏ மைனர்ல தொடங்கி, 'தா'ங்கற அழுத்தம் ஈ செவன் வர்ற நேரத்துக்குப் போய்ச் சேரும். ரெண்டாவது அடி ஈ செவன்ல தொடங்கி, 'கார்' ஏ மைனருக்கு வந்து இறங்கும். முதல் அடி கேள்வி மாதிரி தொங்கி நிக்கும், ரெண்டாவது வீடு வந்து சேரும்.

இது எலும்புக்கூடு. இப்படியே பாடினா பள்ளிக்கூட ஒப்பித்தல்தான். ஃபாது எங்க இருக்குன்னா, கார்ட் மாறிடுச்சு, சொல் இன்னும் வரல. அந்த இடைவெளியில. வியோலா ஈ செவனுக்குப் போயிடுச்சு, பாடறவர் இன்னும் 'குஷ்'லயே நிக்கிறார், அரைத் தட்டு கழிச்சு 'தா' வருது. கேக்கறவங்க காது காத்திருக்கு. காத்திருக்கறதைப் பத்தின பாட்டுல காதையே காக்க வெக்கிறாங்க, பாருங்க. உங்க 'இ'க்குப் பதில் இதுதான். கீரவாணி மாதிரி கேக்குதுன்னா நீங்க ஒவ்வொரு அசையையும் தாளத்துல சரியா வெக்கிறீங்கன்னு அர்த்தம்.

இதுக்கு ஒரே நிபந்தனை: வியோலா அசையக் கூடாது. பாடறவர் பின்னால இழுக்கும்போது கூட வாசிக்கிறவரும் பரிதாபப்பட்டு மெதுவாக்கினா, இழுத்ததே தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து தூங்கின மாதிரி ஆயிடும். தனியாப் பாடி வாசிக்கிறவங்களுக்கு இது நிச்சயம் நடக்கும், ஏன்னா குரல் இழுத்தா கையும் இழுபடும். அதனால வியோலாவை அஞ்சு நிமிஷம் தனியா பதிவு பண்ணிட்டு அது மேல பாடுங்க. பதிவு உங்களுக்காகக் காத்திருக்காது.

கணக்கும் சொல்லிடறேன். வழக்கம் என்னன்னா முதல் ரெண்டு அடி பாடி, அதையே திரும்பப் பாடுறது. அப்புறம் பின் ரெண்டு அடி, அதுவும் திரும்ப. ஆக ஒரு கண்ணிக்கு எட்டு அடி, அடிக்கு எட்டுத் தட்டு, மொத்தம் 64 தட்டு. 66 வேகத்துல ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. நாலு கண்ணி, முன்னால ஒரு துணுக்கு, நடுவுல கித்தார்ரா தனியா ஒரு சுத்து சேர்த்தா அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல நீட்டாதீங்க.

கித்தார்ரா இல்லாம முடியுமா? பழக முடியும். கேக்கறவங்க முன்னாடி பாட அது வேணும், ஏன்னா அடி முடியற இடத்துல பதில் சொல்றது அதோட வேலை. பாட்டு ஓடும்போது அடக்கி வாசிக்கும், மூச்சு வாங்கற இடத்துல உள்ள நுழையும். கூட இன்னொரு கிதார்க்காரர் இருந்தா அவரை அஞ்சாம் கட்டத்துல கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்தற கவ்வி) போட்டு ஈ மைனர், பி செவன் வடிவம் பிடிக்கச் சொல்லுங்க. அது ஏ மைனர், ஈ செவனாவே ஒலிக்கும். பாலத்துக்கு (தந்திகளைத் தாங்கற கட்டை) பக்கத்துல மீட்டினா கொஞ்சம் அந்தக் கூர்மை வரும். அசல் மாதிரி வராதுதான்.

வாங்கறதா இருந்தா ரெண்டு ரகம் இருக்கறதைத் தெரிஞ்சுக்கங்க. லிஸ்பன் ரகத்துல தலை நத்தைச் சுருள் மாதிரி, தந்தி நீளம் 44 செ.மீ. சுமாருக்கு. கோயிம்ப்ர (போர்ச்சுகலின் பல்கலைக்கழக நகரம்) ரகத்துல தலை கண்ணீர்த்துளி வடிவம், நீளம் 47. ரெண்டுலயும் ஆறு ஜோடித் தந்தி. மேல் மூணு ஜோடி ஒரே சுருதி, கீழ் மூணு ஜோடி ஸ்தாயி மாறி. லிஸ்பன் சுருதி மேலிருந்து பி, ஏ, ஈ, பி, ஏ, டி. கோயிம்ப்ரவுல எல்லாம் ஒரு முழு ஸ்வரம் கீழ. கோயிம்ப்ர வாத்தியத்தை வாங்கிட்டு லிஸ்பன் சுருதிக்கு முறுக்கறதுதான் அடிக்கடி நடக்கற தப்பு. அதே தந்தியை அதே சுருதிக்கு 47-ல கட்டினா இழுவை 14 சதவீதம் கூடும். முதல் ஜோடி பட்டுனு அறும்.

இன்னொண்ணு, சுருதித் திருகு நம்ம கிதார் மாதிரி இல்ல. விசிறி மாதிரி விரிஞ்ச திருகாணிகள், ஒவ்வொண்ணுலயும் ஒரு கொக்கி. தந்தியோட ரெண்டு முனையிலயும் கண்ணி (சின்ன வளையம்) வேணும். கொக்கி நகர்ற தூரம் கொஞ்சம்தான். தந்தியை நீளமா விட்டுக் கண்ணி போட்டா, சுருதி ஏறறதுக்குள்ள திருகாணி முடிஞ்சு போகும். அவிழ்த்து மறுபடி போடணும். கொக்கி அடியில இருக்கற நிலையில அளந்து கண்ணி போடுங்க.

மீட்டறது கட்டைவிரல், ஆள்காட்டி விரல்ல மாட்டற 'உஞ்ய'வால. நகம்னு அர்த்தம்.

---

கரைவாசி

500 வருடம் என்பதை மட்டும் திருத்திவிட்டுப் போகிறேன். சுற்றுலாக் கையேடுகள் பரப்பிய கதை அது.

நமக்குத் தெரிந்த ஃபாது 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லிஸ்பனில் உருவானது. ஃபாது என்ற பெயரில் ஆட்டத்தோடு கூடிய பாட்டு அதற்குச் சற்று முன்பே பிரேசிலில் பதிவாகியிருக்கிறது. 1808 முதல் பிரேசிலின் ரியோவில் இருந்த போர்ச்சுகல் அரசவை 1821-இல் லிஸ்பனுக்குத் திரும்பியது. கப்பல்களோடு ஆட்டமும் பாட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தன. ஆல்ஃபாம, மொராரீயா போன்ற துறைமுகத்தை ஒட்டிய ஏழைப் பேட்டைகளில் அது ஆட்டத்தை உதறிவிட்டுப் பாட்டாக நின்றது. முதல் பெரிய பெயரான பாடகி மரீய செவேர வாழ்ந்தது 1820 முதல் 1846 வரை. இன்றும் பெண்கள் கறுப்புச் சால்வை போர்த்திப் பாடுவதை அவர் நினைவோடு சேர்த்துச் சொல்வார்கள்.

கடற்கரையில் நின்று காதலனுக்குக் காத்திருக்கும் பெண்ணின் பழைய பாட்டுதான் வேண்டும் என்றால் அது வேறு இடத்தில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு காலீசிய-போர்ச்சுகீசிய 'கன்தீக த அமீகு'. பெண் குரலில் ஆண்கள் எழுதியவை. கவிஞர் மர்தீம் கொதாஷின் ஏழு பாட்டு ஒரே தோல் ஏட்டில் 1914-இல் கிடைத்தது. ஆறுக்கு இசைக்குறிப்பும் உண்டு. வீகோ கடல் அலைகளைப் பார்த்து அவனைக் கண்டீர்களா என்று கேட்கும் பாட்டு அதில்தான். ஃபாதுவுக்கு அதை நேர்ப் பாட்டன் என்று சொல்ல முடியாது. இசையால் தொடர்பில்லை, பேசுபொருள்தான் ஒன்று.

பழைய பாணி என்ற ஆசைக்கு உதவுவது: ஆல்ஃபாமவில் 1998-இல் திறந்த ஃபாது அருங்காட்சியகம் பழைய இசைத்தட்டுகளை எண்ணிம வடிவில் இணையத்தில் வைத்திருக்கிறது. அமாலியாவுக்கு முந்தைய குரல்களை அங்கே கேளுங்கள். ஒரு விஷயம் மனசில் இருக்கட்டும்: 1927-இல் வந்த சட்டம் பாடகர்களுக்கு உரிமச் சீட்டைக் கட்டாயமாக்கியது, வரிகள் முன்கூட்டியே தணிக்கைக்குப் போக வேண்டியிருந்தது. நின்ற இடத்தில் வரி கட்டிப் பாடும் வழக்கம் அதற்குப் பின் தேய்ந்தது. மெட்டை மாற்றும் சுதந்திரம் மட்டும் மிஞ்சியது. ஏழசை சொன்ன எஷ்திலாருக்கு இத்தனை மதிப்பு வந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

---

தெருவிளக்கு

மூவருக்கும் நன்றி. வியோலாவைப் பதிவுசெய்து மேலே பாடியதில் வித்தியாசம் உடனே தெரிகிறது. இன்னும் சில கேள்விகள். எவ்வளவு பின்னால் இழுக்கலாம்? செயலி 'சௌதாஜி' என்று சொல்லித் தருகிறது, லிஸ்பன் பதிவுகளில் 'சௌதாத்' என்றுதான் காதில் விழுகிறது. நம்மில் அதை ஏக்கம் என்று எடுத்துக்கொள்ளலாமா? கமகம் மொத்தமாக விட்டுவிட வேண்டுமா?

---

இதழ்_ஓசை

செயலி பிரேசில் உச்சரிப்பைத் தருகிறது. ஃபாதுவுக்கு அது ஆகாது. மூன்று அசையையும் பிரேசில் முழுதாகச் சொல்லும், லிஸ்பன் கடைசியை விழுங்கிவிடும். விழுங்குவதால்தான் ஏழாம் அசையில் அத்தனை இடம் கிடைக்கிறது.

தமிழ் வாய்க்கு இதில் இரண்டு வசதி இருக்கிறது. போர்ச்சுகலில் உயிருக்கு நடுவே வரும் 'த' அழுத்தமானது அல்ல. 'அதை', 'இது' என்னும்போது நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் போகிறதே, அதே ஒலி. ஆகவே 'ஃபாது', 'சௌதாத்' இரண்டையும் தமிழில் எழுதியிருப்பது போலவே படித்தால் சரி. ஆங்கிலப் பழக்கத்தில் 'ஃபாடோ' என்று ட போட்டால்தான் கெடுகிறது. சொல்லின் கடைசி ஒகரம் அங்கே 'உ' ஆகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது மூக்கொலி. 'நௌம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து உதட்டை மூடாதீர்கள். பேச்சில் 'மரம்', 'வரும்' என்று சொல்லும்போது கடைசி 'ம்' உதடு ஒட்டாமல் மூக்கிலேயே கரைந்துபோகும், கவனித்திருப்பீர்கள். அதுதான். மேடைத் தமிழ் மாதிரி 'ம்' என்று மூடினால் அடி நடுவில் கதவு சாத்திய மாதிரி நிற்கும்.

சொல் முடிவு 'ஸ்' அங்கே 'ஷ்'. 'அநுஷ்', 'லூஷ்' அப்படித்தான். இந்த 'ஷ்'ஷை நீட்டாதீர்கள், ஒலிவாங்கியில் சீறும். உயிரில் நின்று, கடைசி நொடியில் தொட்டுவிட்டு விடுங்கள்.

சௌதாத் என்பதற்கு ஏக்கம் பக்கத்தில் வருகிறது. முழுதாகப் பொருந்தாது, காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ஏங்குகிறேன் என்பது வினை. அவர்கள் 'உன் சௌதாதுகள் என்னிடம் இருக்கின்றன' என்று பன்மையில் உடைமையாகச் சொல்வார்கள். நம் பேச்சில் 'உன் நினைப்பாவே இருக்கு' என்பது இன்னும் நெருக்கம். ஒருவரைக் கண்டு ஆசை தீரப் பேசுவதை 'சௌதாதுகளைக் கொல்வது' என்பார்கள். 15ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகல் மன்னர் துவார்த் தன் நூலில் இதைச் சோகம், வெறுப்பு, சலிப்பு ஆகியவற்றிலிருந்து பிரித்து எழுதியிருக்கிறார். இதில் இனிப்பும் கலந்திருக்கும். பாடுகிறவருக்கு நடைமுறையில் இதன் அர்த்தம்: அழுகுரல் வேண்டாம். தொண்டை கரகரக்கலாம், உடையக் கூடாது. மூன்றாம் அடியில் 'அது ஒன்றுமில்லை' என்கிறாளே, அதைச் சும்மா சொல்லுகிற குரலில் சொன்னால்தான் நாலாம் அடி குத்தும். இரண்டையும் அழுதுகொண்டே பாடினால் இரண்டும் போச்சு.

போகிற போக்கில்: ஃபாதுக் கவிதைகளில் அடிக்கடி வரும் 'ஷநெல'வும் 'ஷாவெ'யும் வேறொன்றுமில்லை, நம் வீட்டு ஜன்னலும் சாவியும்தான். அங்கிருந்து வந்த சொற்கள். அகராதி பார்க்க வேண்டாம்.

---

தந்தி_12

எவ்வளவு இழுக்கலாம்னா, பழகற காலத்துல ரெண்டு தட்டு வரைக்கும். அதுக்கு மேல போனா அடுத்த அடிக்கு மூச்சு வாங்க இடம் இருக்காது, அவசரமா அடுத்ததை அள்ளிப் போடுவீங்க. எல்லா அடியையும் இழுக்கவும் கூடாது. எதிர்பார்ப்பு இருந்தாத்தானே ஏமாத்த முடியும்? ஒண்ணு நேரா வந்து சேரட்டும், அடுத்தது தாமதமாகட்டும்.

நாலாவது அடியையே எடுத்துக்கோங்க. 'அயின்த' இன்னும், 'த்யொய்ஸு' கேக்கறேன், 'வொல்தார்' திரும்பி வர. முதல் தடவை பேசற வேகத்துல நேரா, 'தார்' கார்டோட கூடவே. ரெண்டாவது தடவை 'அ-யின்'ல நில்லுங்க, கார்ட் போகட்டும், மிச்ச அஞ்சு அசையையும் பேச்சு மாதிரி வேகமாச் சொல்லி முடிங்க. எடை 'இன்னும்'ங்கற சொல்லுக்கு வந்துடுச்சு. இதுக்குப் பேர் 'திவிதீர்', பிரிக்கிறது. எல்லாரும் கடைசி அசையில நீட்டுவாங்க, அது சுலபம். எந்தச் சொல் வலிக்குதோ அதுல நீட்டணும். மெட்டுப் போடறதுக்கு முன்னாடி நாலடியையும் பத்துத் தடவை பேசிப் பாருங்க, தானா தெரியும்.

பாட்டோட கடைசிக் கண்ணியில, கடைசி அடிக்கு மட்டும் விதிவிலக்கு. அங்க வாத்தியம் ஈ செவன்ல நின்னு காத்திருக்கும். நீங்க முடிச்சதும் ஈ செவன், ஏ மைனர்னு ரெண்டு தட்டுல மூடிடுவாங்க. வியோலாக்காரருக்குக் கண் ஜாடை வேணும், இல்லன்னா அவர் பாட்டுக்குப் போயிட்டே இருப்பார்.

---

ஏழசை

கமகம் பற்றி. அசைவு வேண்டும், ஆட்டம் வேண்டாம். ஏ மைனர் கார்டில் காந்தாரமான 'சி' நிலையாக ஒலித்துக்கொண்டிருக்கும்போது குரல் அதே காந்தாரத்தை ஆட்டினால் இரண்டும் உரசும். ஈ செவனில் நிஷாதத்துக்கும் அதே கதி, 'ஜி ஷார்ப்' கார்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த இரண்டு ஸ்வரத்தையும் நேராகப் பிடியுங்கள். ஃபாதுவின் அசைவுகளான 'வொல்தீஞ்யஷ்' வேறு வகை: ஸ்வரத்தை விட்டு இறங்கும்போது மேல் ஸ்வரத்தைத் தொட்டு இரண்டு மூன்று படியில் சறுக்கும் சின்னச் சுழிப்பு. நீண்ட உயிரின் முடிவில் மட்டும். நம் பிருகாவில் (வேகமான ஸ்வர உருட்டல்) பாதி வேகம், கால்வாசி நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் அடிக்கு ஒன்று போதும், 'ஷ்'ஷில் முடியும் அசையில் போடாதீர்கள்.

லிஸ்பன் போகும் வாய்ப்பு வந்தால், தொழில்முறை அல்லாதவர்கள் பாடும் 'ஃபாது வதீயு' இடங்களில் கேட்டுக்கொண்டு பாடலாம். நேரே போய் வாத்தியக்காரர்களிடம் இரண்டு விஷயம்தான் சொல்ல வேண்டும்: வகையின் பெயர், சுருதி. 'மெனோர், லா மெனோர்.' கவிதையின் தலைப்பு அவர்களுக்குத் தேவையில்லை. அங்கே ஏ, பி, சி கிடையாது. தோ, ரெ, மி, ஃபா, சோல், லா, சி. நீங்கள் 'சி மெனோர்' என்றால் அவர்கள் பி மைனரில் தொடங்குவார்கள், நீங்கள் நினைத்த சுருதி வராது. விளக்கைத் தணித்ததும் பேச்சு நிற்கும், சாப்பாட்டுத் தட்டுகள் கூட அசையாது. அடி பிடித்திருந்தால் நடுவிலேயே 'ஆ, ஃபதீஷ்த!' என்று குரல் கொடுப்பார்கள், திடுக்கிட்டு நிறுத்திவிடாதீர்கள். கோயிம்ப்ர பக்கம் போனால் இதெல்லாம் மாறும். அங்கே கறுப்பு அங்கி போட்ட மாணவர்களின் பாட்டு, மரபுப்படி ஆண்கள்தான் பாடுவார்கள், பாராட்டுவதற்குக் கைதட்டாமல் தொண்டையைச் செருமுவார்கள். இருமல் கேட்டால் உங்கள் பாட்டு பிடித்திருக்கிறது என்று பொருள்.